தேர்வறைக்கு முன்பே தொடங்கட்டும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, தஞ்சை மாவட்டத் தேர்வு மையம் ஒன்றில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய பார்வைக் குறைபாடுள்ள மாணவன் ஒருவனுக்குச் 'சொல்வதை எழுதுபவராக' நான் அனுப்பப்பட்டேன். அன்று கணிதத் தாள். நானோ சமூக அறிவியல் ஆசிரியர். வினாவை இருமுறை படித்துக் காட்டினேன். சற்று நேரம் கண்களை மூடியிருந்தவன், "ஏ கூட்டல் பி வகுத்தல் சி" என்றான்.

எழுதுகோல் நின்றுவிட்டது. ஏ, பி இரண்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைச் சியால் வகுக்க வேண்டுமா? அல்லது பியை மட்டும் வகுத்து, அதனுடன் ஏயைக் கூட்ட வேண்டுமா? கோட்டை எங்கே இழுப்பது? மீண்டும் சொல்லச் சொன்னேன், அதையே சொன்னான். பொருளை விளக்கிக் கேட்டால் அது உதவியாகிவிடுமோ என்ற அச்சம் எனக்கு. காதில் விழுந்தபடியே எழுதினேன். அவனுக்குக் கணக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கணக்கை வாயால் சொல்லத்தான் அவனுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு தேர்வைக்கூட அவன் இன்னொருவரிடம் சொல்லி எழுதியதில்லை என்று பின்னர் அறிந்தேன். அரசு அளித்த கூடுதல் ஒரு மணி நேரத்தின் பெரும்பகுதி, அவன் மொழியை நானும் என் தயக்கத்தை அவனும் புரிந்துகொள்வதிலேயே கழிந்தது.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு நாம் தரும் ஆதரவின் நிலையை அந்த அறை எனக்கு உணர்த்தியது. தேர்வறையின் சில மணி நேரத்துக்குச் சலுகைகள் உண்டு. அந்தத் தேர்வுக்கு அவர்களை அழைத்துவரும் ஐந்து ஆண்டு வகுப்பறை வாழ்வில் அவற்றின் நிழல்கூட விழுவதில்லை.

சட்டத்தில் குறையில்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்கும் மத்திய அரசின் திட்டம் 1974-லேயே தொடங்கிவிட்டது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரைதான் கைகொடுக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரிவாக்கியதும் அச்சட்டமே. ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ற வசதிகளைச் செய்துதருவது கல்வி நிறுவனத்தின் கடமை என்கிறது அதன் 16-ஆவது பிரிவு. எழுத்தர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவை 17-ஆவது பிரிவில் உள்ளன. நடைமுறையில் 17-ஐ அறிந்த அளவுக்கு 16-ஐ நம் பள்ளிகள் அறியவில்லை.

இதற்குக் காரணம், உயர்நிலைப் பள்ளியின் அமைப்பிலேயே இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் நாள் முழுவதும் குழந்தையுடன் இருக்கிறார். எந்தக் கண் மங்கல், எந்தக் காது மந்தம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். டெல்டாவின் சிற்றூர்களில் பல பிள்ளைகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்து, ஆற்றைக் கடந்து வேறோர் ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு வருகிறார்கள். அங்கே பாடவேளைக்கு ஓர் ஆசிரியர். மணியடித்ததும் அவர் போய்விடுவார்; அடுத்தவர் வருவார். அந்தப் பிள்ளை எல்லோருடைய மாணவன் என்பதாலேயே யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகிறான்.

இதை அடுத்தவர் குறையாக நான் சொல்லவில்லை. என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நிலப்பட வினாவை மட்டும் எப்போதும் வெற்றிடமாக விடுவான். காவிரிக் கரையில் பிறந்தவன், காவிரியைக் குறிக்கத் தெரியாமல் நிற்கிறானே என்று வகுப்பின் நடுவே கடிந்துகொண்டேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் தாயார் வந்தார். பையிலிருந்து மடித்த சான்றிதழ் ஒன்றை எடுத்தார். மூன்றாம் வகுப்பில் வாங்கியது. குறைபார்வை என்று அதில் இருந்தது. குடும்ப அட்டையோடு பெட்டியில் பத்திரமாக இருந்த அந்தத் தாள், மாற்றுச் சான்றிதழோடு எங்கள் பள்ளிக்கு வரவில்லை. பழைய பள்ளிக்குத் தெரிந்தது புதிய பள்ளிக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. நிலப்படத்தின் மெல்லிய கோடுகள் அவன் கண்ணுக்கு ஒரு சாம்பல் நிறத் திட்டு மட்டுமே.

பிறகு செய்ததெல்லாம் எளியவை. நிலப்படத்தைப் பெரிதாகப் படியெடுத்தேன். ஆற்றின் போக்கில் நூலை ஒட்டினேன். கல்லணையில் காவிரி, வெண்ணாறு எனப் பிரிவதை அவன் விரலால் தடவி அறிந்தான். அந்த நூல் நிலப்படம் மற்ற மாணவர்களுக்கும் பிடித்துப்போனது என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது மாணவர் விவரங்கள் கல்வித் துறையின் கணினியில் பதிவாகின்றன. வரவேற்கத்தக்கதுதான். ஆனால், கணினியில் உள்ள பதிவு தானாக நடந்து வகுப்பறைக்குள் வந்துவிடாது. அதைப் பாட ஆசிரியர் ஒவ்வொருவரின் கையிலும் சேர்ப்பது யார் பொறுப்பு என்பது வரையறுக்கப்பட வேண்டும்.

செவித்திறன் குறைந்த மாணவியின் நிலை வேறு. காதில் கருவி இருந்தாலும் அவள் பாதியை ஆசிரியரின் உதட்டிலிருந்தே படிக்கிறாள். 'பாடம்', 'மாடம்' என்னும் இரு சொற்களுக்கும் உதடு ஒரே விதமாகத்தான் அசையும். வேறுபாட்டை வாக்கியத்தின் போக்கிலிருந்து ஊகிக்க வேண்டும். ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பிக்கொண்டு பேசினால் அந்த ஊகத்துக்கும் வழியில்லை. எழுதும்போது பேசாமல், எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசுவது அவளுக்கு உதவும். பார்வை குறைந்தவனுக்கோ எழுதும் ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே வகுப்பில் இருந்தால்? எழுதும்போது ஒருமுறை, திரும்பி நின்று ஒருமுறை சொல்ல வேண்டியதுதான். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

கற்றல் குறைபாடுதான் பெரிதும் கண்ணில் படாமல் போவது. இதற்கான சான்றிதழை எட்டு வயதில் பெற்று, 14 வயதிலும் 18 வயதிலும் மறு மதிப்பீடு செய்ய வேண்டும் என்கின்றன 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள். 14 வயது என்பது ஏறத்தாழ ஒன்பதாம் வகுப்பு. அதாவது, பொதுத்தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிக்கும் தறுவாயில்தான் மறு மதிப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது. நாற்று நடவுக்குப் போகும் ஒரு தாய்க்கு மருத்துவமனைக்கு ஒரு நாள் என்றால், ஒரு நாள் கூலி போயிற்று. எழுதுவதில் இடர்ப்பாடு உள்ளவருக்கு 40 விழுக்காட்டுச் சான்று இல்லாத நிலையிலும் எழுத்தர் வசதியை மறுக்கக் கூடாது என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. அது குடிமைப் பணித் தேர்வு தொடர்பான வழக்கு. அந்தத் தீர்ப்பின் உள்ளக்கிடக்கை நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் எட்ட வேண்டும்.

நடமாட இயலாதவர்களின் சிக்கல் பள்ளிக்கு வெளியிலேயே தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றங்கரைச் சாலையில் சக்கர நாற்காலி ஓடாது. களிமண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த வாரங்களின் பாடங்கள் விட்டுப்போகின்றன. அவற்றின் பின்னாலேயே அரையாண்டுத் தேர்வு வந்து நிற்கிறது. பள்ளிக்குள் வந்தாலோ ஆய்வகம் மாடியில். கழிப்பறைக்குப் படி ஏற வேண்டும் என்பதால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவியை நான் அறிவேன். அவளது வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற, கால அட்டவணையில் ஒரு திருத்தம் போதும். அதற்கும் ஓராண்டு ஆயிற்று.

கட்டடங்களை மாற்றுவது எளிதா என்று கேட்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாவட்டம் இது. அதன் பின்னர்த் தமிழகமெங்கும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. மனம் இருந்தபோது மாற்ற முடிந்தது. ஆபத்து வேளையில் நடக்க இயலாத பிள்ளையை மாடியிலிருந்து யார் தூக்கி வருவார் என்பதற்கு நம் பள்ளிகளில் எத்தனையில் விடை இருக்கிறது?

ஆசிரியர்களின் சுமையை நான் மறக்கவில்லை. நாற்பது பேர் கொண்ட வகுப்பு, முடிக்க வேண்டிய பாடத்திட்டம், இடையே பதிவேற்ற வேண்டிய புள்ளிவிவரங்கள். சிறப்பாசிரியரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லத் தோன்றுவது இயல்பே. ஆனால், வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர், தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளைச் சுற்றி வருபவர். உயர்நிலையில் 15 மாணவர்களுக்கு ஒருவர் என்னும் விகிதத்தை 2021-இல் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்சநீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அந்த எண்ணிக்கை நிறைவேறினாலும், அவரால் இயற்பியலும் வரலாறும் கற்பிக்க இயலாது. வந்த அன்று அவர் மாணவனை வராந்தாவுக்கு அழைத்துச் சென்று தனியே அமர்த்துவதைவிட, பாட ஆசிரியரோடு அரைமணி நேரம் அமர்ந்து அடுத்த வாரப் பாடத்தை எப்படி நடத்தலாம் என்று பேசுவதே பயன் தரும். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்க வழியுண்டு. பெருந்தொகையன்று, ஆனால் பெரிய எழுத்துப் படிகளுக்கு அது போதும்.

இன்னொரு வளம் நம் வாசலிலேயே இருக்கிறது. பார்வைத்திறன் குறையுடையோருக்கும் செவித்திறன் குறையுடையோருக்கும் தஞ்சாவூரில் தனித்தனி அரசுப் பள்ளிகள் இயங்குகின்றன. கணக்கை வாயால் சொல்வது எப்படி, பின்னத்தில் 'முழுவதையும்' என்ற சொல்லை எங்கே சேர்ப்பது என்பதையெல்லாம் இத்தகைய பள்ளிகளின் ஆசிரியர்கள் அன்றாடம் கையாள்கிறார்கள். பொதுப் பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுக்கு இரு நாள் அங்கே சென்று அமர்ந்திருக்கலாம். நான் ஓய்வு பெறும் வரை அப்படி ஒருநாளும் அனுப்பப்படவில்லை. நானாகப் போயிருக்கலாம், போகவில்லை.

மேட்டூர் திறக்கும் ஜூன் மாதத்தில்தான் பள்ளிகளும் திறக்கின்றன. அந்த முதல் வாரத்திலேயே ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர், பெற்றோரை அழைத்துப் பழைய சான்றிதழ்களைக் கேட்டு வாங்கிப் பாட ஆசிரியர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். 14 வயது மறு மதிப்பீட்டுக்கான விண்ணப்பத்தையும் அப்போதே அனுப்பிவிட வேண்டும். எழுத்தர் தேவைப்படும் மாணவருக்கு ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலிருந்தே எழுத்தர் அமர்த்தப்பட வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலரின் ஒரு சுற்றறிக்கையில் இவை அடங்கிவிடும். காலாண்டுத் தேர்வுக்கு வேண்டியது ஓர் ஆசிரியர், ஒரு தனி அறை, கூடுதலாக ஒரு மணி நேரம்.