கலங்கிய நீர் தெளிவது எவ்வாறு?

2024 நவம்பர் இறுதியில் வீசிய ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. விழுப்புரம் வட்டாரமும் வெள்ளத்தில் ஆழ்ந்தது. இத்தகைய வெள்ள நீரைக் குடத்தில் மொண்டு வைத்தால், மணல் உடனே அடியில் படியும். கலங்கலோ மறுநாளும் மாறாது. காரணம் யாது?

களிமண் துகள்களில் பல, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை. அவை கரையாமலும் படியாமலும் நீரில் பரவி நிற்பதையே கூழ்ம நிலை என்கிறோம். கூழ்மங்களை 1861இல் வகைப்படுத்திப் பெயரிட்டவர் தாமஸ் கிரகாம் என்னும் அறிஞர். இத்துகள்கள் யாவும் எதிர் மின்னூட்டம் உடையவை. ஆதலின் ஒன்றையொன்று விலக்குகின்றன, திரள்வதில்லை.

படிகாரத்திலுள்ள அலுமினியமோ நேர் மின்னூட்டம் உடையது. அது நீரில் கலந்ததும் துகள்களின் விலக்கம் தளர்கிறது. துகள்கள் ஒன்றுகூடித் திரண்டு, கனத்துப் படிகின்றன. நம் முன்னோர் தேற்றான்கொட்டையைக் குடத்தின் உட்புறம் இழைத்ததும் இப்பயன் கருதியே.

ஆயினும், தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. தெளிந்த பின்னும் நோய்க்கிருமிகள் எஞ்சியிருக்கக்கூடும். கலங்கல் நீரில் நேரே பிளீச்சிங் பவுடர் இடுவதும் முழுப் பயன் தராது. சேறு கிருமிகளுக்கு மறைவிடமாகும். எனவே முதலில் தெளியவைத்து இறுத்து, பின்னரே குளோரின் இடுதல் அல்லது நன்கு கொதிக்கவைத்தல் வேண்டும். இவ்வரிசை பிறழாவண்ணம் காப்பது ஊராட்சி உறுப்பினர்களின் கடமையாகும்.