குதிரையைக் கொடுத்த கல்கத்தா ஆட்டம்

அத்திப்பட்டு ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காகக் காத்திருந்த ஒரு மாலையில், பெஞ்சில் செஸ் ஆடிக்கொண்டிருந்த இரண்டு மாணவர்களை வேடிக்கை பார்த்தேன். நான்காவது காய் நகர்த்தலிலேயே ஒருவன் தன் குதிரையைக் கொண்டுபோய் எதிரி ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை வெட்டினான். ராஜா குதிரையை வெட்டியது. "பைத்தியமாடா நீ?" என்று மற்றவன் சிரித்தான். வண்டி வருவதற்குள் சிரித்தவன் தோற்றுப்போனான்!

இது புதிய தந்திரமல்ல. 1848இல் கல்கத்தாவில் ஆடப்பட்டது. வெள்ளைக் காய்களுடன் ஆடியவர் ஜான் காக்ரேன், ஸ்காட்லாந்துக்காரரான வழக்கறிஞர். எதிரே அமர்ந்தவர் மகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளி. ஆட்டத் தொடக்கத்திலேயே காயைப் பலி கொடுத்து அனுகூலம் தேடுவதைக் 'காம்பிட்' என்பார்கள். இதற்குக் காக்ரேன் காம்பிட் என்றே பெயர்.

பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையின் இடமிருந்து வலமாகக் கட்டங்கள் ஏ முதல் எச் வரை. கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு டி6 என்று சிப்பாயை நகர்த்தி அந்தக் குதிரையை விரட்டுகிறது. எல்லாரும் இங்கே பின்வாங்குவார்கள். காக்ரேனோ எஃப்7 சிப்பாயை வெட்டினார்! ராணிக்கும் யானைக்கும் ஒரே சமயத்தில் ஆபத்து. ஆகவே ராஜா குதிரையை வெட்டத்தான் வேண்டும்.

கணக்குப் பாருங்கள். குதிரையின் மதிப்பு 3, சிப்பாய்க்கு 1. கொடுத்தது மூன்று, பெற்றது இரண்டு. நஷ்டந்தான். ஆனால் கறுப்பு ராஜா இனிக் கோட்டை கட்ட முடியாது; நடுப்பலகையும் வெள்ளைச் சிப்பாய்களின் வசம்.

ஐந்தாவதாக வெள்ளை டி4 ஆடுகிறது. பேராசைப்பட்டுக் கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டினால் என்ன ஆகும்? வெள்ளை ராணி எச்5இல் நின்று 'செக்' சொல்லும். கறுப்பு ஜி6 என்று தடுத்தால், ராணி டி5க்கு வந்து மறுபடி 'செக்'. கூடவே இ4இல் நிற்கும் குதிரைக்கும் குறி. குதிரை போயிற்று! இப்போது ஒரு சிப்பாய் லாபம் வெள்ளைக்குத்தான். ரயில் நிலையத்தில் நடந்ததும் இதுவே.

பதறாதவர் கையில் கதை வேறு. கறுப்பு ஆசைப்படாமல் ஜி6 ஆடி, பிஷப்பை ஜி7இல் வைத்து, யானையை நகர்த்திவிட்டு, ராஜாவை மெல்ல ஜி8க்கு நடத்திச் சென்றால் போதும். கூடுதல் குதிரை தன் வேலையைக் காட்டும். இன்றைய கணிப்பொறிகளும் கறுப்புக்கே சாதகம் என்கின்றன. ஊசிமுனையில் நிற்கும் பென்சில் போன்றது இந்த காம்பிட். லேசாகத் தட்டத் தெரிந்தவன் முன்னே நிற்காது. தட்டத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 1999இல் ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் டோபலோவ் இதைக் கிராம்னிக்குக்கு எதிராக ஆடினார். பின்னாளில் இருவருமே உலக சாம்பியன்கள். ஆட்டம் சமனில் முடிந்தது!

மகேஷ்சந்திரர் என்ன ஆனார்? அவர் நம் நாட்டு முறையில் ஆடிப் பழகியவர். அதில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் பாயும் உரிமை இல்லை. அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, சிப்பாயை ஜி6க்கு ஒரே கட்டம் தள்ளி, பிஷப்பை ஜி7இல் பதுக்கி, நிதானமாகத் தற்காப்பார். 1855 மே மாதத்தில் காக்ரேனுக்கு எதிராக அப்படி ஓர் ஆட்டம் ஆடினார். அதிலும் வெள்ளைக் குதிரை எஃப்7இல் பாய்ந்தது; மகேஷ்சந்திரர் தோற்றார். ஆனால் தொடக்கம் பழுதற்றது. 1922இல் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் அதே தொடக்கத்தை ஆடினார். உலகம் அதைக் குரூன்ஃபெல்ட் தற்காப்பு என்றே அழைக்கிறது. இன்றும் பெரிய வீரர்கள் அதை நம்பி ஆடுகிறார்கள்.

ஓட்டை ஆட்டத்துக்குக் காக்ரேனின் பெயர். உறுதியான ஆட்டத்துக்கு 67 ஆண்டுகள் கழித்து வந்தவரின் பெயர். ஜி6, ஜி7 பாணி ஆட்டங்கள் பலவற்றுக்கு 'இந்தியத் தற்காப்பு' என்ற பொதுப்பெயர் உண்டு. மகேஷ்சந்திரருக்குக் கிடைத்த பங்கு அதுதான்.