பாட்டு தங்கியது, பேர் இப்போதுதான் வருகிறது

குள்ளஞ்சாவடி டீக்கடையில் முந்திரித் தோப்புக்காரர்களும் நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஷிப்டு போகிறவர்களும் சேர்ந்து உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்ட காலம் ஒன்று இருந்தது. ஜெயகாந்தன் எழுதி, பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய அந்த ஊஞ்சல் பாட்டு அப்போது எல்லோருக்கும் மனப்பாடம். இசை யார் என்று கேட்டால், விஸ்வநாதன் ராமமூர்த்தியாகத்தான் இருக்கும் என்பார்கள். அந்தப் பாட்டு இடம்பெற்ற, நிமாய் கோஷ் இயக்கி 1960-இல் வந்த 'பாதை தெரியுது பார்' படம் ஓடவில்லை. பாட்டு மட்டும் ஊர் ஊராய்ப் போயிற்று. அதற்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசனின் பேர் அதோடு போகவில்லை.

மலையாளத்தில் அப்படியில்லை. 1961-இல் ஜேசுதாஸை முதன்முதலில் ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடவைத்தவர் இவர்தான். சாதிபேதம் கூடாது என்னும் நாராயண குருவின் வரிகள்தான் அந்த முதல் பாட்டு. கேரள அரசு பலமுறை விருது கொடுத்தது. தமிழில் 'மதன மாளிகை', 'புது வெள்ளம்' என்று விரல்விட்டு எண்ணும் படங்களே கிடைத்தன. 1988 மார்ச் 9 அன்று, லட்சத்தீவுக்குப் போன இடத்தில் காலமானார்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. பழைய பாட்டுக் கச்சேரிகளில் அவர் பேரைச் சொல்லிவிட்டுத்தான் பாடுகிறார்கள். 'அக்ரஹாரத்தில் கழுதை' படத்தில் பேராசிரியராக நடித்தவர் இவர்தான் என்று தெரிந்து இளைஞர்கள் வியக்கிறார்கள். எனக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி. ஒரு குறையும் உண்டு. நாம் மீட்டெடுத்திருப்பது நாலைந்து மெல்லிசைப் பாட்டுகளை மட்டும்தான்.

அவர் செய்த பெரிய காரியங்கள் வேறு. கம்யூனிஸ்டான அவர், வாத்தியக்காரர்களைத் திரட்டிச் சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார். பாட்டில் பேர் வராத வயலின்காரருக்கும் தபலாக்காரருக்கும் கூலி கேட்கும் குரல் அதனால் வந்தது. சங்கம் இல்லாத தொழிலாளியின் கதி என்னவென்று நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு. சங்கீதப் பயிற்சியே இல்லாத கல்லூரிப் பிள்ளைகளையும் கூட்டி, பாரதியையும் நாட்டுப்பாடல்களையும் பல குரல்களாகப் பிரித்துப் பாடவைத்தார். தனிக்குரலையே கொண்டாடும் நம் இசையில் அது புதுப் பாதை. அவருக்குப் பின்னும் அந்தப் பாட்டு நிற்கவில்லை.

நெய்வேலி நகரியத்தில் இத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. ஆண்டுவிழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடும் நேரத்தில் கொஞ்சத்தை ஒதுக்கி, எம்.பி.எஸ். காட்டிய வழியில் ஒரு பாரதி பாட்டைப் பிள்ளைகள் சேர்ந்து பாடட்டும். ஆசிரியர்கள் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.