வீட்டுக்கு ஓர் அனுமதி

“ஊர்ப் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்” என்று நண்பர் கேட்டுக் கொண்டிருக்கிறார். ஆகையால் காவிரிப் பாசனத்தில் உள்ள ஒரு சிறு நகரம் என்பதோடு நிறுத்திக் கொள்கிறேன். ஒரு பெரிய கோயில், இரண்டு திருக்குளங்கள், பஸ் ஸ்டாண்டு, அதற்குச் சமீபத்திலேயே நகராட்சி அலுவலகம். இவ்வளவும் உள்ள ஊர்கள் தஞ்சை ஜில்லாவிலும் அதன் அண்டையிலும் பல உண்டு. நேயர்கள் தங்களுக்கு விருப்பமான ஊரை நினைத்துக் கொள்ளலாம்.

நண்பர் கணக்கு உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்திற்கு மேல் வாடகை வீட்டிலேயே காலம் தள்ளியவர். 1996-ம் வருஷம் ஊருக்குச் சற்று வெளியே ஐந்து சென்ட் மனை ஒன்று வாங்கினார். முந்திய போகம் வரையில் நெல் விளைந்த நிலம் அது. மஞ்சள் வர்ணம் பூசிய கற்களை நட்டு, ‘நகர்’ என்று ஒரு பெயரும் சூட்டி விற்றுவிட்டார்கள். பத்திரத்தில் கிழமேலடி 66, தென்வடலடி 33 என்று கண்டிருந்தது. பெருக்கினால் 2,178 சதுர அடி. ஐந்து சென்ட்டுக்கு ஒரு சதுர அடி கூடக் குறைவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா? பெருக்கிப் பார்த்தார், அளந்து பார்க்கவில்லை.

வீட்டைக் கட்டிப் பார்க்கும்படியும் கல்யாணம் செய்து பார்க்கும்படியும் நமக்குச் சவால் விட்ட பெரியவர் யாரோ தெரியாது. அவர் காலத்தில் நகராட்சி இருந்திருக்க நியாயமில்லை. இருந்திருந்தால் பழமொழி இன்னும் சற்று நீண்டிருக்கும்.

வீடு கட்டலாம் என்று நண்பர் முடிவு செய்ததும், தெரிந்த கட்டட மேஸ்திரி ஒருவர் சுலபமான வழி ஒன்று சொன்னார். “ஸார், அஸ்திவாரத்தைப் போட்டுவிடுங்கள். இந்த வட்டாரத்தில் யார் அனுமதி வாங்கிக் கட்டியிருக்கிறார்கள்? பிறகு பார்த்துக் கொள்ளலாம்” என்றார். அவர் சொன்னது பொய்யுமல்ல. ஆனால் நண்பர் இணங்கவில்லை. பாங்கியில் கடன் வாங்க அங்கீகரித்த வரைபடம் வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை அவர் அதிகம் பேசுவதில்லை. 2004-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி அவர் கும்பகோணத்தில் இருந்தார். சமையற் கூரையில் பற்றிய தீ, கீற்று வேய்ந்த மேல்மாடி வகுப்புக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொண்டு போன தினம் அது. குறுகலான மாடிப்படி, காற்றும் வழியும் இல்லாத அறைகள் என்று பிற்பாடு பத்திரிகைகள் எழுதியவற்றை யெல்லாம் அவர் மறுநாளே தெருவில் நின்று பார்த்துவிட்டார். கட்டட விதிகளை யாராவது பரிகாசம் செய்தால் அவர் சிரிப்பதில்லை.

ஆகவே முறைப்படி போனார். முறையோ அவர் நினைத்ததைப்போல் ஒரே வாசலில் முடியவில்லை.

நிலத்தை மனைகளாகப் பிரிப்பதற்கு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி அங்கீகாரம் வேண்டும். அச்சட்டம் 1971-லேயே இயற்றப்பட்டது. ஆனால் மனை விற்றவர்கள் பஞ்சாயத்துத் தலைவரின் ரப்பர் முத்திரை ஒன்றைக் காட்டி, அதுவே அங்கீகாரம் என்று சொல்லிவிட்டார்கள். தமிழ் நாட்டில் எத்தனையோ சம்சாரிகள் இப்படி ஏமாந்திருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன் பிறகே பலருக்கும் கண் திறந்தது. அவ்வருஷம் அக்டோபர் 20-ந் தேதிக்கு முன் பதிவான மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த 2017-ல் சர்க்கார் விதி செய்தார்கள். நண்பர் மறு வருஷமே பணத்தைக் கட்டி ரசீதைப் பெட்டியில் பூட்டி வைத்தார். விற்றவர் செய்த பிழைக்கு வாங்கியவர் அபராதம் கட்டுவது எந்த நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் அதைப் பற்றிச் சர்ச்சை செய்யவில்லை.

அடுத்தது பட்டா. நிலச் சொந்தக்காரரின் பெயரோடு சேர்ந்து கூட்டுப் பட்டாவாக இருந்ததை உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தது. நில அளவையாளர் வந்தார், நாடாவை விரித்தார், புலப்படத்தைப் பார்த்தார், மறுபடி விரித்தார். கிழமேலடி 64 தான் இருந்தது! தார் ரோடு போட்ட காலத்தில் தெரு இரண்டடி உள்ளே வந்துவிட்டிருக்கிறது. 66 சதுர அடி போயிற்று. பத்திரம் ஒன்று சொல்ல, பட்டா மற்றொன்று சொல்ல, குறைந்த அளவுக்கே வரைபடம் போட வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அன்றிரவு நண்பர் வீட்டில் நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே முக்கியமான சம்பவம் என்பது என் அபிப்பிராயம். சட்டப்படி முன்னும் பின்னும் பக்கத்திலும் விட வேண்டிய இடத்தை விட்டாக வேண்டும். ஏதாவது ஒன்று குறைய வேண்டும். “கூடத்தைக் குறைக்கலாமா?” என்றார் நண்பர்.

“பெண்ணும் மாப்பிள்ளையும் குழந்தைகளோடு வந்தால் எங்கே படுப்பது? உங்கள் திண்ணையை எடுத்துவிடுங்கள்” என்றாள் அம்மாள்.

வாடகை வீட்டில் இருந்த முப்பது வருஷமும் அவர் கனவு கண்டது அந்தத் திண்ணை ஒன்றைத்தான். மறு நாள் வரைபடத்தில் திண்ணை இல்லை.

விண்ணப்பம் கம்ப்யூட்டர் மூலம் ஒரு நொடியில் போய்விட்டது. ஆனால் கோப்பு என்பது மேஜைகளில் வசிக்கும் பிராணி. நகரமைப்பு ஆய்வாளர் வந்து மனையைப் பார்த்துப் போன பின் ஐம்பது நாள் ஒரே மேஜையில் அது உறங்கிற்று. ‘வழக்கமாக உள்ளதைக் கொடுத்துவிட்டால் நாளைக்கே எழுந்துவிடும்’ என்று ஒரு தரகர் தெரிவித்தார். லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி என்று 2018-ல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. கட்டாயத்தினால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். நண்பருக்குச் சட்டம் தேவைப்படவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனு எழுதினார். ‘என் கோப்பு எந்தத் தேதியில் எந்த மேஜைக்கு வந்தது, எந்தத் தேதியில் போயிற்று?’ என்ற ஒரே கேள்வி. பதிலுக்கு முப்பது நாள் தவணை. மூன்றாவது வாரத்தில் பதிலுக்கு முன்னால் அனுமதியே வந்து சேர்ந்தது!

ஸ்தல ஸ்தாபனம் என்றால் நமக்கு இளப்பம். ஆனால் சுயராஜ்யத்திற்கு அப்பியாசம் நடந்ததே அங்கேதான். ராஜாஜி 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர். நேரு 1923-ல் அலகாபாத்திலும், படேல் 1924-ல் ஆமதாபாத்திலும் அதே உத்தியோகம் பார்த்தவர்கள். வெள்ளைக்காரன் காலத்து 1920-ம் வருஷ நகராட்சிச் சட்டத்தில் கூட, கட்டட மனுவைத் தாமதப்படுத்தினால் கவுன்ஸிலுக்கு எழுதலாம் என்றும், கவுன்ஸிலும் தவணைக்குள் தீர்மானிக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றும் இருந்தது.

2024 ஜூலை 22 முதல், 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் தாமே உறுதிமொழி அளித்து உடனுக்குடன் அனுமதி பெறும் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மேஜை உறக்கம் ஒழிந்ததே தவிர, மனைப்பிரிவு அங்கீகாரமும் பட்டாவும் சரியாக இருக்க வேண்டியது அப்படியே இருக்கிறது. இரண்டடி குறைந்தால் அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் இப்போது சொந்தக்காரருடையதே. மனை வாங்குகிறவர்கள் பணம் கொடுக்குமுன் நாடா பிடிக்க வேண்டும்.

புது வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். மழைநீர் சேமிக்கும் குழி, அதன் பக்கத்தில் ஒரு செம்பருத்தி, கூடத்தில் பேரக் குழந்தைகள். நண்பரை வீட்டுக்குள் காணோம். முன்புறம் சட்டத்திற்காக விட்ட வெற்றிடத்தில் பழைய பள்ளிக்கூட நாற்காலி ஒன்றைப் போட்டுக் கொண்டு, தெருவில் போகிறவர்களோடு பேசிக் கொண்டிருந்தார்.