தபாலில் வந்த விவாகரத்து செல்லுமா?

"டாக்டர், இவளுக்குத் தூக்கமே இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கா. நெஞ்சு எரியுதுங்கறா. சாப்பாடு பாதித் தட்டுல அப்படியே இருக்கு. நீங்கதான் பார்க்கணும்."

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்து இப்படித்தான் ஆரம்பித்தார். பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். நாடி பார்த்தேன். பித்தம் ஓங்கி, வாதமும் கூடவே சேர்ந்திருந்தது. தூக்கத்துக்குப் பாலில் அமுக்கரா சூரணம், எரிச்சலுக்கு ஏலாதி சூரணம் கொடுத்து, புளி, காரம், காபி மூன்றையும் குறைக்கச் சொல்லி அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து வந்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் ஒருவர் சொல்வார்: மருந்து கேட்கவில்லை என்றால், மருந்தை மாற்றுவதற்கு முன்னால் நோயாளியிடம் இன்னொரு தடவை பேசு என்று. அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "என்னம்மா விஷயம்?" என்று கேட்டேன். அந்தப் பெண் கைப்பையைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் கணவர் அனுப்பியது. தம்பி கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவளை அவர் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளவே இல்லை. டிக்கெட் அனுப்புகிறேன், அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, விவாகரத்து மனுவை அனுப்பியிருந்தார். கூடவே ஒரு படிவம். "நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு அனுப்பு. பேப்பர் கிடைச்சதுக்கு அத்தாட்சி, அவ்வளவுதான்" என்று போனில் ஒரு செய்தி.

வீட்டில் இரண்டு கட்சி. "கிடைச்சதுக்கு அத்தாட்சிதானே, போட்டு அனுப்பிடலாம்" என்பது அப்பா. "நம்ம ஊர்ல தாலி கட்டின கல்யாணம். அமெரிக்காக்காரன் என்ன பண்ணிட முடியும்? கிழிச்சுப் போடு" என்பது பெரியப்பா. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தப் பெண்ணின் தூக்கம் போயிருந்தது.

சித்த மருத்துவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இதே மாதிரிக் கவரோடு பிறகு இன்னும் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள், ஒருவர் ரத்த அழுத்தத்துக்கு, ஒருவர் ஒற்றைத் தலைவலிக்கு. என் தம்பி மனைவி வக்கீல். அவரிடம் நான் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். இந்துத் திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணங்களைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். மற்ற மதத்தவர்கள், பதிவுத் திருமணம் செய்தவர்கள் அவரவர் சட்டப்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்தப் படிவம். அது வெறும் அத்தாட்சி அல்ல. 'எனக்கு முறைப்படி சம்மன் கொடுக்க வேண்டாம், அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்பது அதன் பொருள். இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இப்படிப்பட்ட படிவங்களில், 'இனிமேல் எனக்குத் தகவல் சொல்லாமலே வழக்கை முடித்துக்கொள்ளலாம்' என்ற வரியும் சேர்ந்திருப்பது உண்டு. அவளிடம் வந்ததில் இருந்தது. டெக்சாஸ் சட்டப்படி, தம்பதியில் ஒருவர் அந்த மாநிலத்தில் 6 மாதமும், வழக்குப் போடும் கவுன்டியில் 90 நாளும் குடியிருந்தாலே அங்கே மனுப் போடலாம். மனைவி திருநெல்வேலியில் இருந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. சம்மன் கையில் கொடுக்கப்பட்டால் 20 நாள் கழிந்து வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். மனுப் போட்டு 60 நாள் ஆனதும், சாதாரணமாகத் தீர்ப்புக் கொடுத்துவிடலாம். நாம் இங்கே நல்ல நாள், கெட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே எல்லாம் முடிந்துவிடும்.

சரி, அங்கே முடிந்தது இங்கேயும் முடிந்ததா? இதுதான் கேள்வி.

நம் நாட்டின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 13ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுத் தீர்ப்பை நாமும் மதிப்போம், ஆனால் சில சமயங்களில் மாட்டோம் என்று அது சொல்கிறது. விசாரிக்க அதிகாரமே இல்லாத நீதிமன்றம், வழக்கின் உள்ளே போகாமல் கொடுத்த தீர்ப்பு, நம் சட்டத்தைக் கண்டுகொள்ளாத தீர்ப்பு, எதிராளிக்குப் பேச வாய்ப்பே தராத விசாரணை, மோசடி... இவையெல்லாம் அதில் வருகின்றன.

கல்யாண விஷயத்தில் இது எப்படி என்பதை உச்ச நீதிமன்றம் 1991ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் கதையைக் கேளுங்கள். 1975ல் திருப்பதியில் கல்யாணம். 1978ல் பிரிந்துவிட்டார்கள். கணவர் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டார். மனைவி இங்கிருந்தே, 'உங்கள் நீதிமன்றத்தின் அதிகாரத்தை நான் ஏற்கவில்லை' என்று குறிப்பிட்டுப் பதில் அனுப்பினார். நேரில் போகவில்லை. 1980ல் அங்கே விவாகரத்து கொடுத்துவிட்டார்கள். 1981ல் கணவர் ஆந்திராவில் இன்னொரு பெண்ணை மணந்தார். முதல் மனைவி, 'நான் உயிரோடு இருக்கும்போது இரண்டாம் கல்யாணம்' என்று குற்ற வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போனது. மிசௌரி தீர்ப்பு இங்கே செல்லாது, குற்ற வழக்கு நடக்கட்டும் என்று முடிவாயிற்று.

அந்தத் தீர்ப்பில் சொன்ன விதி இதுதான். எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ, அந்தச் சட்டம் ஏற்கிற நீதிமன்றம்தான் பிரித்து வைக்கலாம். அந்தச் சட்டத்தில் உள்ள காரணத்துக்காகத்தான் பிரிக்கலாம். இதற்கு விலக்கு உண்டு. யார் மேல் வழக்குப் போடப்பட்டதோ அவரே அந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருந்து, நம் சட்டத்தில் உள்ள காரணத்துக்காகவே தீர்ப்பும் வந்திருந்தால் செல்லும். அவர் தானாகவே அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டு, நம் சட்டத்தில் உள்ள காரணத்தின் மேல் முறையாக வாதாடியிருந்தாலும் செல்லும். அவர் சம்மதித்தே விவாகரத்து வாங்கியிருந்தாலும் செல்லும்.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். சம்மதித்தால் செல்லும்! மற்றபடி இங்கே செல்லாமல் போகக்கூடிய ஒரு வெளிநாட்டு விவாகரத்துக்கு உயிர் கொடுப்பது நம் கையெழுத்தாகக்கூட இருக்கலாம். அதனால்தான் அப்பாவின் யோசனை ஆபத்தானது.

அதே தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. சம்மன் கிடைத்தது என்பது மட்டும் போதாது, எதிராளி உண்மையாகவே வாதாட வழி இருந்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் போக்குவரத்துச் செலவு, தங்கும் செலவு, வக்கீல் செலவு வரை வழக்குப் போட்டவர் கொடுக்கும்படி அந்த நீதிமன்றம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. விசாவும் பணமும் இல்லாமல் இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நிலைமையை யாரோ புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள்.

இதற்கும் முன்னால், 1974லேயே இன்னொரு வழக்கு. பஞ்சாபில் மனைவியை விட்டுவிட்டு அமெரிக்கா போனவர், நெவாடா மாநிலத்தில் விவாகரத்து வாங்கினார். அங்கே ஆறு வாரம் குடியிருந்தால் போதும். நெவாடாதான் என் நிரந்தர வீடு என்று சொல்லி வாங்கிவிட்டு, உடனே ஊரைக் காலி செய்துவிட்டார். அது மோசடி, விவாகரத்து இங்கே செல்லாது, மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு என்றது உச்ச நீதிமன்றம்.

அப்படியானால் பெரியப்பா சொன்னதுதானே சரி, கிழித்துப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். கூடாது. இங்கே செல்லாத தீர்ப்பு அங்கே செல்லும். அங்குள்ள வீடு, சேமிப்பு, குழந்தை இருந்தால் அது யாரிடம் இருப்பது, எல்லாமே நம் பக்கத்து நியாயம் காதில் விழாமலே முடிவாகிவிடும். அவர் அங்கே மறுமணமும் செய்துகொள்வார். இந்தப் பெண் மட்டும் இங்கே சட்டப்படி மனைவியாகவே நிற்பாள். தானும் மறுமணம் செய்துகொள்ள முடியாது. செல்லாத தீர்ப்பை நம்பிச் செய்தால் இரண்டாம் கல்யாணக் குற்றம் அவள் தலையிலேயே வந்து விழலாம். (பழைய இ.பி.கோ. 494, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 82ஆவது பிரிவு.) இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் காட்டினால், அதிகாரம் உள்ள நீதிமன்றம்தான் கொடுத்தது என்றே நம் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது நாம்தான். அதற்கு அந்தக் காகிதங்கள் வேண்டாமா?

எனவே கவர் வந்தால் கிழிக்காதீர்கள். தபால் முத்திரையோடு அந்தக் கவரையே பத்திரப்படுத்துங்கள். எந்தத் தேதியில், யார் கையில் வந்தது என்று எழுதி வையுங்கள். சம்மன் வெறும் தபாலில் வந்ததா என்பதும் முக்கியம். ஏனென்றால் வெளிநாட்டுச் சம்மன்கள் மத்திய அரசின் சட்ட அமைச்சகம் வழியாக வர வேண்டும், நேரடித் தபாலை ஏற்பதில்லை என்பது சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா எடுத்திருக்கும் நிலை. ஆனால் அதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. அந்தக் கெடு தேதிக்குள், 'உங்கள் அதிகாரத்தை ஏற்காமல் எழுதுகிறேன்' என்ற ஆட்சேபம் வக்கீல் மூலமாகப் போக வேண்டும். வார்த்தை தவறினால் கட்டுப்பட்டதாக ஆகிவிடும் என்பதால் இதை வீட்டில் உட்கார்ந்து நாமே எழுதுவது சரியல்ல.

வக்கீலுக்குப் பணம்? இங்கேதான் நடுத்தரக் குடும்பங்கள் தயங்கி நிற்கின்றன. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, பெண்கள் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்றிதழ் தேவையில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். "இலவசம்னா இல்லாதவங்களுக்குத்தானே டாக்டர், நாம போய் நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார் ஆசிரியர். ரேஷன் கடை க்யூ என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது! உரிமை என்று சட்டம் சொன்ன பிறகு கூச்சம் எதற்கு? கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்களின் புகார்களுக்கென்றே தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் தனிப் பிரிவு ஒன்றும் இயங்குகிறது.

வழக்குப் போட, கல்யாணம் நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2003ல் வந்த திருத்தத்தின்படி, மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம்.

இருவருக்குமே பிரிவதுதான் நல்லது என்று தோன்றினால், அதற்கும் வழி இருக்கிறது. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்த பிறகு பரஸ்பர சம்மதத்தில் இங்கேயே மனுப் போடலாம். ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. தகுந்த வழக்குகளில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நகை, சீர், குழந்தை, ஜீவனாம்சம் எல்லாவற்றையும் எழுத்தில் முடித்துக்கொண்ட பிறகே கையெழுத்து.

மறுமணத்துக்கு வரன் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "மாப்பிள்ளைக்கு லண்டன்லயே டைவர்ஸ் ஆயிடுச்சு" என்று தரகர் சொன்னால், அதோடு விட்டுவிடாதீர்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். ஜெராக்ஸ் போதாது, 1991 வழக்கிலேயே வெறும் ஜெராக்ஸை ஏற்கவில்லை. முதல் மனைவி சம்மதித்தாரா, வாதாடினாரா, அல்லது அவர் இல்லாமலே கொடுத்த தீர்ப்பா என்று ஒரு வக்கீலை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளும் சம்பந்தம் வேண்டவே வேண்டாம் என்பேன்.

அந்தப் பெண் கையெழுத்துப் போடவில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழு கொடுத்த வக்கீல் அம்மா மூலமாகக் கெடுவுக்குள் ஆட்சேபம் போனது. இங்கே ஜீவனாம்ச வழக்கும் போட்டிருக்கிறாள். போன மாதம் தனியாகவே வந்திருந்தாள். தூக்கம் ஐந்து மணி நேரம் வருகிறதாம். "சூரணத்தை நிறுத்திடலாமா டாக்டர்?" என்றாள். இன்னும் ஒரு மண்டலம் போகட்டும் என்றேன். அடுத்த வாய்தா இருபத்தி மூன்றாம் தேதி.