போர்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்! புறநகரில் நல்ல ஓட்டலைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னை,

ராத்திரி 8 மணி. கடற்கரையில் இருந்து வந்த மின்சார ரெயில் தாம்பரத்தில் நிற்கிறது. பெட்டிக்குப் பெட்டி கூட்டம் கொட்டுகிறது. ஆபீஸ் பையுடன் குமாஸ்தா. கடையைச் சாத்திவிட்டு வரும் வியாபாரி. ஊருக்குப் பஸ் பிடிக்கப் போகும் மாணவன். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

"எங்கே சாப்பிடுவது?"

ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தால் கலர் கலராக விளக்குகள். "ஆம்பூர் பிரியாணி", "செட்டிநாடு மெஸ்", "ஆந்திரா மீல்ஸ்", "கேரளா ஓட்டல்", "பஞ்சாபி தாபா". இந்தியாவே ஒரே ரோட்டில்! ஆனால் போர்டு எழுதுவது பெயிண்டர். சமைப்பது வேறு ஆள். இதை மறந்தவர்கள்தான் மறுநாள் காலையில் லீவு லெட்டர் எழுதுகிறார்கள்.

அப்பா காட்டிய கடை இங்கே இல்லை

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலத்தில் இந்தக் கஷ்டம் இல்லை. அப்பா சாப்பிட்ட கடையில் மகன் சாப்பிடுகிறான். கடைக்காரரும் மூன்று தலைமுறையை அறிவார். பெயர் கெட்டால் பிழைப்பு கெட்டது.

புறநகர் அப்படி அல்ல. தாம்பரத்துக்கு மின்சார ரெயில் 1931-லேயே வந்துவிட்டது. ஆனால் ஊர் வீங்கியது பின்னால்தான். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது 2021-ல். குடியிருப்பவர் புதுசு. ஓட்டலும் புதுசு. போன மாதம் இருந்த கடை இந்த மாதம் இல்லை. அதே இடத்தில் வேறு போர்டு. யாரைக் கேட்பது?

அதற்காகப் புறநகர் ஓட்டல் என்றாலே மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. உலகம் முழுவதும் கிளை பரப்பிய சரவண பவன், மவுண்ட் ரோட்டில் பிறக்கவில்லை. 1981-ல் கே.கே.நகரில்தான் பிறந்தது. அப்போது அது நகரத்தின் ஓரம். நல்ல கடை எந்த மூலையிலும் இருக்கும். துப்பு துலக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

உயிர் விஷயம்!

இது நாக்கு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல.

2022 மே மாதம் கேரளாவில் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். "ஷிகெல்லா" என்ற கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி பலியானாள். அதே ஓட்டலில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தனர். ஷவர்மாவுக்குத் தொட்டுக்கொள்ளும் மயோனைசைப் பச்சை முட்டையில் தயாரிக்க, தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஒரு வருடத் தடை போட்டது.

பாவம், அந்தப் பிள்ளைகள் செய்த தப்பு என்ன? பசிக்குச் சாப்பிட்டதுதான்.

சரி, எதைப் பார்த்து உள்ளே நுழைவது?

துப்பு 1: எந்தக் கூட்டம்?

கூட்டம் இருந்தால் நல்ல கடை என்பார்கள். பாதி உண்மை. வெளியூர் பஸ் நிற்கும் சாலையோர ஓட்டலிலும் கூட்டம்தான். அது தேடி வந்த கூட்டம் அல்ல. டிரைவர் இறக்கிவிட்ட கூட்டம்.

மழை நாளிலும் வரும் கூட்டம் எது என்று பாருங்கள். பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டுக்காரர், எதிர்க்கடைச் சிப்பந்தி, பாங்கி ஊழியர் இவர்கள் தினமும் எங்கே உட்காருகிறார்கள்? தினம் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன் ஏமாற மாட்டான். ஒரு தரம் வயிறு கெட்டால் மறுநாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான்.

வெளியூர்ச் சாப்பாட்டுக்கும் இதே கணக்குதான். ஆந்திரா மெஸ்சில் பக்கத்து டேபிளில் தெலுங்கு கேட்கிறதா? பருப்புப் பொடியும், நெய்யும், கோங்குராவும் கேட்காமலே வருகிறதா? கேரள ஓட்டலில் மட்டை அரிசிச் சோறு உண்டா? வட இந்தியக் கடையில் ரொட்டி கேட்ட பிறகு அடுப்பில் போடுகிறார்களா, அடுக்கி வைத்ததை எடுத்துச் சூடு பண்ணுகிறார்களா? எந்த ஊர்ச் சாப்பாடோ, அந்த ஊர்க்காரன் சாப்பிடும் இடம்தான் இடம்.

துப்பு 2: "தீர்ந்துபோச்சு சார்!"

மத்தியானம் 3 மணிக்குப் போய் "சாப்பாடு இருக்கா?" என்று கேட்கிறீர்கள். "தீர்ந்துபோச்சு சார், டிபன்தான் இருக்கு" என்று பதில் வருகிறது. கோபப்படாதீர்கள். அந்தக் கடைக்கு அதுதான் நற்சாட்சிப் பத்திரம்! அன்றைக்கு வடித்த சோறு அன்றைக்கே செலவாகிவிட்டது.

எந்நேரமும் எல்லாம் இருக்கும் கடையில்தான் உஷாராக இருக்க வேண்டும். மெனு கார்டு பத்துப் பக்கம். அதில் தோசை, நூடுல்ஸ், தந்தூரி, ஷவர்மா, மீன் குழம்பு எல்லாம் உண்டு. ஆனால் உள்ளே மாஸ்டர் இரண்டே பேர். அப்படியானால் பாதி ஐட்டம் அடுப்பில் இல்லை, பிரிட்ஜில் இருக்கிறது என்று அர்த்தம்.

சமைத்த பண்டம் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் கிருமி பெருகும். வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்தால் ஒருவகைக் கிருமி விஷத்தைக் கக்கும். அந்த விஷம் திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. நேற்றைய சோறு இன்றைக்கு "பிரைட் ரைஸ்" ஆனால் ஆபத்து அங்கேதான்.

துப்பு 3: சட்டியில் என்ன கொதிக்கிறது?

சாயங்காலம் பஜ்ஜி, போண்டா போடும் சட்டி பெரும்பாலும் வாசலிலேயே இருக்கும். நல்லதாகப் போயிற்று. இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். எண்ணெய் தார் மாதிரி கறுத்துவிட்டதா? நுரை பொங்கி அடங்காமல் நிற்கிறதா? லேசாகச் சூடு ஏறியதுமே புகைகிறதா? பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்ட பொருள்கள் சேருகின்றன. அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கவே கூடாது. 2018 ஜூலை முதல் இது சட்டம். கழித்த எண்ணெயைப் பயோ டீசல் தயாரிக்க வாங்கிக்கொள்ளவும் அதே வருடம் திட்டம் வந்தது. நல்ல கடைக்காரர் பழைய எண்ணெயை அதற்குக் கொடுத்துவிடுவார். மற்றவர் நம் வயிற்றில் ஊற்றுவார்.

அந்தப் பஜ்ஜியை எதில் வைத்துத் தருகிறார் என்பதையும் பாருங்கள். பேப்பர் மை உடம்புக்கு ஆகாது. சாப்பாட்டுப் பண்டத்தைப் பேப்பரில் மடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பத்திரிகை படிப்பதற்கு. வடையில் எண்ணெய் பிழிவதற்கு அல்ல! சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டுகிறாரா? 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்துத் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை. பார்சல் வாங்குபவர் வீட்டில் இருந்து ஒரு தூக்குவாளி கொண்டுபோனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

துப்பு 4: சிவப்பு ஏன்?

சிக்கன் 65 செக்கச் சிவப்பாக இருக்கிறது. விரலில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் போகவில்லை. அது மிளகாய் அல்ல, கலர்! பிரியாணியிலும் சிக்கன் வறுவலிலும் செயற்கைக் கலர் சேர்க்கக் கூடாது என்று உணவு பாதுகாப்பு அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள்.

"செட்டிநாடு" என்று போர்டு போட்டுவிட்டுக் கலரைக் கொட்டுவது இன்னொரு மோசடி. செட்டிநாட்டுச் சமையலின் அடையாளம் மிளகு, கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ. அந்த வாசனை இல்லாமல் சிவப்பு மட்டும் இருந்தால் போர்டு பொய் சொல்கிறது. அதேபோல் "ஆம்பூர்", "திண்டுக்கல்" என்று பெயர் வைத்தவர் சீரகச் சம்பா அரிசியில் செய்கிறாரா என்று பாருங்கள்.

துப்பு 5: கை கழுவப் போங்கள்

உட்காரும் முன்பே கை கழுவும் இடத்துக்குப் போங்கள். போகிற வழியில் சமையல்கட்டு பெரும்பாலும் கண்ணில் படும். தண்ணீர் டிரம்முக்கு மூடி இருக்கிறதா? எச்சில் தட்டை ஓடும் தண்ணீரில் கழுவுகிறார்களா, ஒரே வாளியில் முக்கி எடுக்கிறார்களா? டேபிள் துடைக்கும் துணி எந்த நிறத்தில் இருக்கிறது? அதே துணியால் தட்டையும் துடைத்தால் எழுந்துவிடுங்கள். வெட்கம் வேண்டாம்.

ஏ.சி. ரூம், கண்ணாடிக் கதவு, சீருடை சப்ளையர் இவை எல்லாம் சுத்தத்துக்குச் சாட்சி அல்ல. புருஷன் கல்லாவில், மனைவி அடுப்படியில் என்று நாலே டேபிள் போட்டு நடக்கும் மெஸ்களும் உண்டு. காலையில் வாங்கிய காய், கண்ணெதிரே வடித்த சோறு. மறைக்க அங்கே இடமே இல்லை. இப்படிப்பட்டவரை நாம் தேடிப் போகாவிட்டால் வாடகை கட்ட முடியாமல் மூடிவிடுவார். அப்புறம் பளபளப்புக் கடைதான் மிஞ்சும்.

14 நம்பர் ரகசியம்

எல்லாவற்றையும் விடப் பெரிய துப்பு ஒன்று இருக்கிறது. அது பில்லில் இருக்கிறது!

ஒவ்வொரு ஓட்டலுக்கும் உணவு பாதுகாப்பு லைசென்ஸ் அல்லது பதிவு எண் வேண்டும். மொத்தம் 14 இலக்கம். 1 என்று ஆரம்பித்தால் லைசென்ஸ். 2 என்று ஆரம்பித்தால் சின்னக் கடைக்கான பதிவு. 2022 ஜனவரி 1 முதல் இந்த எண்ணைப் பில்லில் அச்சிட வேண்டும் என்பது கட்டாயம். "பாஸ்காஸ்" என்ற மத்திய அரசு இணையதளத்தில் இந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

செல்போனில் ஆர்டர் செய்பவர்களுக்கும் இது கைகொடுக்கும். ஒரே சமையல்கட்டு, நாலு பெயர் என்று நடத்துகிறவர்கள் உண்டு. பிரியாணிக்கு ஒரு பெயர், ரோலுக்கு ஒரு பெயர். ஆப்பில் ஓட்டல் பக்கத்தின் அடியில் லைசென்ஸ் எண் இருக்கும். இரண்டு கடைக்கும் ஒரே எண், ஒரே விலாசம் என்றால் புரிந்துகொள்ளுங்கள். நட்சத்திரக் குறியை மட்டும் நம்பாதீர்கள். யார் போட்ட நட்சத்திரமோ!

பில்லில் காசுக் கணக்கையும் பாருங்கள். சாதாரண ஓட்டலில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 200 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 10 ரூபாய். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்ன ஓட்டல் உங்களிடம் வரியே வாங்கக் கூடாது. "சர்வீஸ் சார்ஜ்" என்று தானாகச் சேர்ப்பது தப்பு என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. டெல்லி ஐகோர்ட்டும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பிடித்திருந்தால் டிப்ஸ் கொடுப்பது உங்கள் இஷ்டம்.

வயிறு கெட்டால் வாயை மூடாதீர்கள்

சாப்பாட்டில் புழு. குழம்பில் நாற்றம். என்ன செய்கிறோம்? சப்ளையரிடம் சத்தம் போடுகிறோம். "மாத்தித் தர்றேன் சார்" என்கிறார். வேறு தட்டு வருகிறது. விஷயம் முடிந்தது.

முடியக் கூடாது! போட்டோ எடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தமிழக உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்-அப் எண் 94440 42322. அதில் புகார் செய்யலாம்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. உணவு பாதுகாப்புச் சட்டம் 40-வது பிரிவின்படி வாங்கிய பண்டத்தைச் சாதாரண ஜனங்களும் அரசு பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். கட்டணம் உண்டு. தப்பு என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். 65-வது பிரிவின்படி கெட்ட உணவால் உயிர் போனால் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்ச ரூபாய் நஷ்டஈடு. படுகாயம் போன்ற பாதிப்புக்கு 3 லட்சம் வரை. மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை.

நல்ல கடையைக் கண்டுபிடித்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். ரெயிலில் சொல்லுங்கள், ஆபீசில் சொல்லுங்கள். கெட்ட கடையைக் கண்டால் அதிகாரியிடம் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் எழுந்து வந்துவிட்டால், அதே நாற்காலியில் அடுத்து வந்து உட்காருவது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கலாம்.