பார்கின்சன் நோய்: முதிய பெற்றோரிடம் கவனிக்க வேண்டிய தொடக்க அறிகுறிகள்

வயது ஏறும்போது நடை தளர்வதும் செயல்களில் வேகம் குறைவதும் இயல்பே. ஆயினும், பெற்றோரிடம் காணும் எல்லா மாற்றங்களுக்கும் முதுமையே காரணம் என்று இருந்துவிடுதல் கூடாது. அவற்றுள் சில, பார்கின்சன் நோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். இந்நோய் மிக மெதுவாக வளர்வதால், நோயுற்றவர் தம்மிடம் ஏற்படும் மாற்றத்தைத் தாமே உணராதிருப்பது உண்டு. எனவே, உடன் வாழ்பவர்களின் கவனிப்பு மிகவும் முக்கியமானது.

நோய் எவ்வாறு ஏற்படுகிறது?

நடுமூளையில் உள்ள கருநிறமான ஒரு சிறு பகுதியின் நரம்பணுக்கள், டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. உடல் அசைவுகள் சீராக நிகழ இது இன்றியமையாதது. இந்நரம்பணுக்கள் படிப்படியாக அழியும்போது டோபமைன் குறைந்து, அசைவுகள் பாதிக்கப்படுகின்றன. இந்நிலையை 1817ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் விரிவாகப் பதிவு செய்தார். பெரும்பாலும் 60 வயதையொட்டியோ அதன் பின்னரோ இந்நோய் தோன்றுகிறது. 50 வயதுக்கு முன் தோன்றுவதும் உண்டு. இது தொற்றுநோய் அன்று.

அசைவு சார்ந்த அறிகுறிகள்

இவை பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் தொடங்கும்.

• செயல் மந்தம்: இதுவே முதன்மையான அறிகுறி. சட்டைப் பொத்தான் போடுதல், சோறு பிசைதல், கோலமிடுதல் போன்றவற்றுக்கு முன்பைவிட அதிக நேரம் பிடிக்கும். எழுத்து, எழுதிக்கொண்டே போகும்போது சிறுத்து நெருங்கும். கையொப்பம் பொருந்தவில்லை என வங்கியில் கூறப்படுவதும் இதனால் நேரலாம்.

• நடுக்கம்: கை ஓய்வாக மடிமீது இருக்கும்போது நடுங்கும், ஒரு பொருளை எடுக்க முற்படும்போது குறையும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல அசையக்கூடும்.

• தசை விறைப்பு: கை, கால், கழுத்து ஆகியவை இறுக்கமாக இருக்கும். ஒரு தோளில் தொடரும் வலி, மூட்டு வலி எனத் தவறாகக் கருதப்படலாம்.

• நடை மாற்றம்: நடக்கும்போது ஒரு கை வீசப்படாமல் இருக்கும். அடிகள் குறுகும்; செருப்பு தரையில் தேயும் ஒலி கேட்கும்; திரும்புவதற்குப் பல அடிகள் தேவைப்படும்.

• முகமும் குரலும்: முகத்தில் உணர்ச்சி வெளிப்பாடு குறையும், குரல் தாழ்ந்து ஒரே சீராக ஒலிக்கும்.

அசைவு சாராத அறிகுறிகள்

மணம் அறியும் திறன் குறைதல், நீடித்த மலச்சிக்கல், உறக்கத்தில் கனவுக்கேற்பக் கத்துதல் அல்லது கை கால்களை வீசுதல், மனச்சோர்வு ஆகியவை நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே காணப்படலாம். இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பதைக் கொண்டு பார்கின்சன் நோய் என முடிவு செய்ய இயலாது. பல அறிகுறிகள் சேர்ந்து காணப்படுவதும், மாதங்கள் செல்லச் செல்ல மிகுவதும் கவனத்திற்குரியவை.

நடுக்கம் மட்டுமே அடையாளம் அன்று

நோய் தொடங்கும்போது ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு நடுக்கம் இருப்பதில்லை. "கை நடுங்கவில்லையே" என எண்ணிக் காலம் தாழ்த்த வேண்டாம். மறுபுறம், நடுக்கம் யாவும் பார்கின்சன் நோயும் அன்று. காபித் தம்ளரை ஏந்தும்போது இரு கைகளும் நடுங்குதல், குடும்ப வழியாக வரக்கூடிய வேறொரு நடுக்கமாக இருக்கலாம். தைராய்டு மிகைச் சுரப்பும் ஆஸ்துமாவுக்கான சில மருந்துகளும் நடுக்கத்தை உண்டாக்கக்கூடும்.

உட்கொள்ளும் மருந்துகளைச் சரிபாருங்கள்

சில மருந்துகள் பார்கின்சன் நோயைப் போன்ற அறிகுறிகளை ஏற்படுத்தும். தலைச்சுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளூனாரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு மற்றும் புரோகுளோர்பெராசின், மனநலச் சிகிச்சைக்கான ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் ஆகியவை அவற்றுள் அடங்கும். பழைய மருந்துச் சீட்டைக் கொண்டு மாதக்கணக்கில் மாத்திரை வாங்கி உண்ணும் முதியவர்களிடம் இதற்கான வாய்ப்பு அதிகம். பலருக்கு, மருந்து மாற்றப்பட்ட பின் வாரங்களிலோ மாதங்களிலோ அறிகுறிகள் தணிகின்றன. ஆனால், மருத்துவரின் ஆலோசனையின்றி எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

மருத்துவரைக் காணும் முன்

1. எந்த மாற்றம், எந்தப் பக்கத்தில், எப்போது தொடங்கியது எனக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. பெற்றோரின் ஒப்புதலுடன், அவர் நடப்பதையும் திரும்புவதையும் எழுதுவதையும் கைபேசியில் காணொளியாகப் பதிவு செய்யுங்கள்.
3. சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே உள்ளதால், அதனை உட்கொண்டால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.
4. சில ஆண்டுகளுக்கு முன் எழுதிய கையெழுத்து இருந்தால், ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகலாம். அங்கிருந்து நரம்பியல் மருத்துவரிடம் பரிந்துரைக்கப்படுவார். இந்நோயை உறுதி செய்யும் தனியொரு இரத்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை. மருத்துவர் நேரில் பரிசோதித்தே கண்டறிகிறார். வேறு காரணங்களை விலக்கவே பெரும்பாலும் ஸ்கேன் எடுக்கப்படுகிறது. தொடக்கத்திலேயே அடிக்கடி விழுந்தால், அது வேறு நோயின் குறியாகவும் இருக்கலாம் என்பதால் தவறாமல் கூறவும்.

சிகிச்சை உண்டு

நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இதுவரை இல்லை. எனினும், லெவோடோபா, கார்பிடோபா கலந்த மாத்திரை உள்ளிட்ட மருந்துகளாலும் இயன்முறை மருத்துவத்தாலும் அறிகுறிகளைக் கட்டுப்படுத்தி, பலரால் நெடுங்காலம் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ள இயலும். இம்மருந்துகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

உடனடி கவனத்திற்கு

பார்கின்சன் நோய் ஒரே நாளில் தோன்றுவதில்லை. ஒரு பக்கக் கை கால் திடீரெனச் செயலிழத்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். தாமதமின்றி 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

குடும்பத்தினருக்கு

"வேகமாக நடங்கள்", "சத்தமாகப் பேசுங்கள்" எனக் கடிந்துகொள்ள வேண்டாம். மந்தம் சோம்பலன்று, சிரிப்பு மறைந்த முகம் அன்பின்மையும் அன்று. அவை நோயின் விளைவாக இருக்கலாம். அவர் தம் வேலையை முடிக்கும்வரை பொறுத்திருங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். மணம் அறியாதவர் எரிவாயுக் கசிவை உணரமாட்டார் என்பதால் சமையலறையில் விழிப்புடன் இருங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.